பாதி கனம்

பல் டாக்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது. பல் பாதி வெளியே வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வாயைத் திறந்தபடி மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குள் யாரோ இறுகக் கட்டிய கம்பியைச் சுண்டிவிட்டதுபோல ஒரு வெட்டு. அவ்வளவுதான். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த ஜூனியர் டாக்டர், அவள் விரல்களிலிருந்து இடுக்கியைப் பக்குவமாக வாங்கி மிச்ச வேலையை முடித்தாள். நர்ஸ் அவளை உருளும் ஸ்டூலில் உட்கார வைத்து, வளைந்தது வளைந்தபடியே வெளியே தள்ளிக்கொண்டு போனாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த நோயாளி, “ரொம்ப வலிக்குதா?” என்று அவளைக் கேட்டார். இத்தனை வருடங்களாக அவள் மற்றவர்களைக் கேட்டுவந்த கேள்வி அது.

ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை, ஓய்வும் மருந்தும் பயிற்சியும் போதும் என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஹாலில் தரையில் விரித்த மெத்தையில் படுத்தாள். க்ளினிக்கை ஜூனியர் பார்த்துக்கொண்டாள்.

அவள் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் சத்தம் போடாமல் செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்துப் பார்த்தபோது, வீட்டில் அவள் குனிந்து எடுக்கவேண்டிய எல்லாமே மேலே ஏறியிருந்தன. கீழ்த்தட்டுப் பாத்திரங்கள் மேடைக்கு வந்திருந்தன. குளியலறை வாளி ஒரு முக்காலியின் மேல் நின்றது. செருப்புகூட ஜன்னல் திட்டில் இருந்தது. வீடே ஒரு முழம் மிதப்பதுபோல இருந்தது. அவள் சிரித்தாள். சிரித்ததும் இடுப்பு வலித்தது. அவர் பதறிப்போய், இனிமேல் ஜோக் எதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார். அவர் சொல்கிற ஜோக்குக்கு யாரும் சிரித்ததே கிடையாது என்று அவள் சொன்னாள்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. தினமும் விடிவதற்குச் சற்று முன்னால் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். ஜன்னல் சாம்பல் நிறமாக வெளுக்கும் நேரம். உடம்பு அசையாமல் கிடக்கும், வலி எதுவும் இருக்காது. ஆனால் முதல் அசைவுக்காக எங்கேயோ ஒளிந்து அது காத்துக்கொண்டிருக்கிறது என்று மனசு சொல்லும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். வலியைவிட, வரப்போகிற வலி பெரிதாக இருந்தது. இன்னொரு வாய்க்குள் கருவியோடு குனிந்திருக்கும்போது மறுபடி அந்தக் கம்பி சுண்டினால் என்ன ஆகும் என்று யோசிப்பாள். பக்கத்தில் வாத்தியார் சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பமாட்டாள். ஜூனியர் போன் செய்தால் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

எலும்பு டாக்டர் அவளோடு கல்லூரியில் படித்தவன். ஸ்கேனைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

“டிஸ்க் தேறிட்டு வருது. ஆள்தான் தேறல. தண்ணில இறங்கிப் பாரு” என்றான்.

மருத்துவமனைக்குப் பின்னால், சலவைக் கூடத்தைத் தாண்டி ஒரு நீண்ட கட்டடம். உள்ளே வெதுவெதுப்பான நீர் நிறைந்த குளம். ஆழம் மார்பளவுதான். படிகள் இல்லை. சரிவான பாதை ஒன்று எஃகுக் கைப்பிடியோடு மெல்ல நீருக்குள் போனது. கூரையில் வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள். அவற்றின் வெளிச்சம் நீரில் விழுந்து, அங்கிருந்து எகிறிச் சுவரில் நெளிந்துகொண்டே இருந்தது. குளோரின் வாசனையோடு ஈரத் துண்டின் வாசனையும் சேர்ந்து, உள்ளே நுழைந்ததும் தூக்கம் வருவதுபோல இருந்தது.

பயிற்சி தருகிறவள் ஒல்லியான பெண். அங்கிருந்த எல்லோரையும்விட வயதில் சின்னவள். ஆனாலும் எல்லோரும் அவளை மிஸ் என்றே கூப்பிட்டார்கள். நீருக்குள் இறங்கினால் தலை நரைத்தவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகிவிட்டார்கள். மிதப்பதற்காகக் கொடுக்கும் நீளமான நுரை ரப்பர் தடிகளுக்குப் புடலங்காய் என்று பேர் வைத்து, பச்சை எனக்கு, மஞ்சள் உனக்கு என்று சண்டை போட்டார்கள்.

முதல் நாள் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கினாள். நீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. மார்பு வரை வந்தபோது ஒன்று நடந்தது. நாளெல்லாம் அவள் தூக்கிக்கொண்டு திரிந்த அவளுடைய உடம்பை யாரோ, “கொஞ்சம் இப்படிக் குடு” என்று வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. அவள் நின்றுவிட்டாள். பின்னால் இறங்கிவந்த இன்னொரு நோயாளி, ஒரு பாட்டு டீச்சர், “எல்லாரும் இந்த எடத்துலதான் நிப்பாங்க. நின்னுட்டு வாங்க” என்றார்.

முன்னால் நடந்தார்கள், பின்னால் நடந்தார்கள், நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார்கள். கைப்பிடியில் சாய்ந்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். புடலங்காயை அக்குளில் செருகிக்கொண்டு இல்லாத சைக்கிளை மிதித்தார்கள். நீருக்குள் எல்லாம் தாமதமாக நடந்தது. காலைத் தூக்கலாம் என்று நினைத்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கால் எழுந்தது. கனவில் நடப்பதுபோல இருந்தது, ஆனால் கனவில் வரும் அவசரம் இல்லை. பயத்துக்குக்கூட அங்கே மெதுவாகத்தான் வரத் தெரிந்தது. அது வந்து சேர்வதற்குள் அவள் அடுத்த அடியை வைத்திருந்தாள்.

கடைசிப் பயிற்சி மிதப்பது. ஒருவர் மல்லாந்து மிதக்க, இன்னொருவர் பின்னால் நின்று தலையையும் தோளையும் தாங்கவேண்டும். அவளுக்கு ஜோடியாக வந்தவன் பீரோ.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்கி ஏற்றுவது அவன் தொழில். ஒரு தடவை நாலு மாடிக்கு ஒற்றை ஆளாக ஒரு பீரோவைச் சுமந்ததால் அந்தப் பேர். நாற்பது வயது, கதவை அடைக்கிற உருவம், பூனைபோன்ற குரல். அவனுக்கும் டிஸ்க்தான். யார் கேட்டாலும் பியானோ தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்பான். உண்மையில் கீழே விழுந்த ஒரு பஸ் டிக்கெட்டை எடுக்கக் குனிந்தபோது நடந்தது. அதை மிஸ்ஸிடம் மட்டும் சொல்லியிருந்தான். மிஸ் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அவள் பல் டாக்டர் என்று தெரிந்ததும் அவன் பேசுவது பாதியாகக் குறைந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டான். க்ளினிக் நாற்காலியைக் கண்டால் பயப்படுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். 

அவன் உள்ளங்கைகள் அவள் தலைக்கடியில் அகலமாக விரிந்து நின்றன. அவள் மல்லாந்து கூரையைப் பார்த்தாள். காதுகள் நீருக்குள் போனதும் கட்டடத்தின் சத்தம் தூரத்து ஊருக்குப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்து சொன்னான். “அக்கா, பாதி கனத்த நீங்களே வச்சிருக்கீங்க.”

“இல்லையே, விட்டுட்டேனே.”

“கழுத்துல வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியுதுல்ல.”

அவள் கழுத்தைத் தளர்த்தினாள். உடனே கால்கள் விறைத்தன. கால்களைத் தளர்த்தினால் கை மூடிக்கொண்டது. உடம்புக்குள் ஒரு கண் எப்போதும் விழித்துக்கொண்டு, ஏதாவது ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவன் மிதக்கும் முறை வந்தது. மரக்கட்டைபோல ஒரு வினாடி கிடந்து, அப்படியே மூழ்கி, இருமிக்கொண்டு எழுந்தான். வயிறு குலுங்க இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் வாயை மூட மறந்துவிட்டான். கீழ்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் கறுத்திருந்ததை அவள் பார்த்தாள்.

வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போயிற்று. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிய குடைச்சல் குறைந்தது. கடைத்தெரு வரை நடக்க முடிந்தது. ஒரு நாள் வாத்தியார் வாளியை முக்காலியிலிருந்து இறக்கிவிடலாமா என்று கேட்டார். இறக்கலாம் என்றாள். ஆனால் சாம்பல் நிற ஜன்னல் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

ஒரு மதியம் நல்ல மழை. இடி இல்லை, காற்றும் இல்லை. கண்ணாடிக் கூரைமேல் கொட்டிக்கொண்டே இருந்த வெறும் மழை. எல்லோரும் மிதக்கும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. விளக்குகள் அணைந்தன. அதுவரை கேட்டுக்கொண்டிருந்ததே தெரியாத பம்ப்பின் உறுமலும் நின்றது. நின்ற பிறகுதான் அது அத்தனை நாளும் உறுமிக்கொண்டிருந்தது புரிந்தது. மேகம் அப்பிய வானத்திலிருந்து ஒரு நீலம் மட்டும் கசிந்து வந்தது. நீருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்துபோயிற்று.

யாரும் அவசரப்படவேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று மிஸ் மெல்லிய குரலில் சொன்னாள். மிதக்கிறவர்கள் அப்படியே மிதக்கட்டும் என்றாள்.

பாட்டு டீச்சர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு சுரத்தைப் பிடித்து முனகத் தொடங்கினார். பாட்டு இல்லை, ஒரே ஒரு சுரம்தான். மேலே அது கேட்டதோ என்னவோ, நீருக்குள் மூழ்கிய காதுக்கு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டு போவதுபோல இருந்தது. கூரைமேல் விழும் மழை, தன் நெற்றிமேல் விழாமல் ஏன் நிற்கிறது என்று பல் டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு யோசிக்கவில்லை. தான் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கிடைக்கவில்லை. தேடவேண்டிய அவசியமும் தோன்றவில்லை. இடுப்பு எங்கேயோ இருந்தது. நல்லபடியாகத்தான் இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. பீரோவின் குரல் வெகு தொலைவிலிருந்து வந்தது.

“இப்பத்தான்க்கா முழுசா குடுத்தீங்க.”

அவளுக்கு அழுகை வந்தது. விம்மல் இல்லை. கண்ணின் ஓரங்களில் சூடாக வழிந்து காதுக்குப் போய் நீரோடு சேர்ந்துகொண்டது. இருட்டில் யாருக்கும் தெரியாது. அவன் கைகளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.  விளக்கு வந்து பம்ப் மறுபடி உறுமியபோது, எல்லோரும் தூங்கி எழுந்தவர்களைப்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளும் ஜன்னல் வெளுத்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அவள் கண்ணை மூடி, காது வரை நீர் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். பயம் முழுதும் போகவில்லை. ஆனால் அதோடு கூட இருக்க முடிந்தது.

அதற்கு அடுத்த வாரம் முதல் வகுப்புக்குப் பீரோ வரவில்லை. அதற்கு அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. அவனுக்குக் கன்னம் வீங்கிவிட்டது, பாலைத் தவிர எதுவும் இறங்கவில்லை, டாக்டரிடம் போகமாட்டேன் என்கிறான் என்று பாட்டு டீச்சர் சொன்னார். பல் டாக்டர் மிஸ்ஸிடம் அவன் போன் நம்பரை வாங்கி, ஈரத் துண்டோடு நின்றபடியே போன் செய்தாள். அவன் சத்தமே வரவில்லை. அவன் மனைவிதான் பேசினாள். அழாத குறை.

பல் டாக்டர் அவனை உடனே ஜூனியரிடம் போகச் சொன்னாள். பார்ப்பாள், மருந்து எழுதுவாள், கை வைக்கமாட்டாள் என்று வாக்குக் கொடுத்தாள். அவன் போனான். மருந்தில் வீக்கம் வற்றியது. ஆனால் வேர் அழுகிவிட்டது, பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்று ஜூனியர் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டான். மாலையில் அவனே போன் செய்தான்.

“நீங்க எடுக்கறதா இருந்தா வர்றேன். இல்லன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“தம்பி, நான் வேலைய விட்டு ஆறு மாசம் ஆச்சு. நடுவுல எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா?”

அந்தப் பக்கம் யோசிப்பது கேட்டது. “பிடிச்சுக்கிட்டா என்னக்கா? நானும் அப்படித்தான கெடக்கேன். ரெண்டு பேருமா கெடப்போம்.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த இரவு முழுதும் வேண்டாம், வேண்டாம் என்று புரண்டுவிட்டு, காலையில் ஜூனியருக்கு அவளே போன் செய்தாள். மேடம் என்று ஒரு சொல்தான் ஜூனியர் சொன்னாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

க்ளினிக் அப்படியே இருந்தது. மருந்து நெடி, மீன் தொட்டி, காத்திருக்கும் அறையின் தேய்ந்த சோபா. ஜூனியர் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டு வைத்திருந்தாள். பீரோ நாற்காலியில் படுத்தபோது நாற்காலி முனகியது. அவன் முழங்காலுக்கடியில் ஒரு தலையணை, இடுப்புக்கடியில் மடித்த துண்டு. அவனுக்கு வலிக்காத கோணம் எது என்று அவளுக்குத் தெரியும். தனக்கும் அதேதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, காத்திருந்து, அவன் தலையை இடது கையால் தாங்கிக்கொண்டாள். கழுத்து இரும்பாக இருந்தது. கட்டைவிரலால் அங்கே தட்டினாள். அவனுக்குப் புரிந்தது. பெரிய மூச்சு ஒன்று விட்டான். தலை மெல்ல மெல்ல அவள் கைக்கு வந்தது. கனமான தலை.

நேராக உட்கார்ந்தபடி, சின்ன வாய்க்கண்ணாடியை வைத்துப் பார்த்து, இடுக்கியைப் பொருத்தி அசைக்கத் தொடங்கினாள். ஒரு கட்டத்தில் இடுப்பில் ஒரு குறுகுறுப்பு. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பாள். அன்று கருவியை எடுத்து ஜூனியர் கையில் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் நில்லு” என்றாள். எழுந்து ஜன்னல் வரை நடந்தாள். முன்னால், பிறகு பின்னால், பிறகு நண்டுபோல. நர்ஸ் வாயைப் பிளந்து பார்த்தாள். வாயைத் திறந்தபடி கிடந்த பீரோவின் தோள்கள் குலுங்கின. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பல் வந்துவிட்டது.

அதைப் பார்க்கவேண்டும் என்றான். பார்த்தான். “இம்புட்டுதானா?” என்று மரத்துப்போன நாக்கால் கேட்டான்.

அன்று மாலை அவளுக்கு முதுகு வலித்தது. நன்றாகவே வலித்தது. வாத்தியார் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைத்தார். விடியும் முன் வழக்கம்போல விழிப்பு வந்தது. அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள்.

“என்னங்க. எனக்கு இந்த நேரத்துல தெனமும் பயமா இருக்கும்.”

அவர் உடனே, “தெரியும்” என்றார். தூங்கி எழுந்த குரல் இல்லை அது.

“முழிச்சிட்டுதான் இருப்பீங்களா?”

“நீ முழிச்சா நானும் முழிச்சிடுவேன். என்ன கேக்கறதுன்னு தெரியல. கேட்டா நீ இல்லன்னு சொல்லிடுவியோன்னு சும்மா இருந்தேன்.”

அவள் சொன்னாள். பாதி வந்த பல்லை, வளைந்து நின்ற நிமிடத்தை, கவிழ்த்து வைத்த போனை, முதல் அசைவை, எல்லாவற்றையும் வரிசையில்லாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கணக்கைக்கூடத் தீர்த்துவைக்கப் பார்க்கவில்லை. சொல்லி முடித்தபோது வெயில் வந்து சுவரில் ஏறியிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எலும்பு டாக்டர் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னான். அவள் போய்ப் பார்த்தாள். அது நல்லதாகவே போயிற்று. இப்போது காலை நேரங்களில் மட்டும் க்ளினிக் போகிறாள். மற்ற நேரம் ஜூனியருடையது. பல் பிடுங்கும்போது நடுவில் எழுந்து நடக்கிற டாக்டர் என்று ஊரில் அவளுக்குப் பேராகிவிட்டது. பீரோ கனமானவற்றைத் தூக்குவதை விட்டுவிட்டு லாரியின் ஸ்டியரிங்குக்கு மாறிவிட்டான். வலி இரண்டு பேருக்கும் எப்போதாவது வரும். வந்தால் வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

போன சனிக்கிழமை குளத்துக்குள் குடும்பத்தினரும் வரலாம் என்று மிஸ் அனுமதித்தாள். வாத்தியார் அரைக்கால் சட்டையில் தன் மெல்லிய கால்களைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு சரிவில் நின்றார். நீச்சல் தெரியாதே என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவள் மார்பளவு நீரில் நின்று, இரண்டு கைகளையும் அவர் பக்கம் நீட்டினாள்.

“நீச்சல் வேண்டாம். சும்மா வாங்க” என்றாள்.

கைப்பிடியை விட்டுவிட்டு அவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.